சிடியா, ஸ்ட்ரீமிங்கா? பாட்டுப் பெட்டி மாற்றும் முன் ஒரு வார்த்தை

(நம் குடியிருப்போர் நலச்சங்கத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



நம் சங்கக் கூட்டத்தில் தண்ணீர் லாரி, லிஃப்ட், ஜெனரேட்டர் டீசல், வண்டி நிறுத்தும் இடம் இவற்றைத்தான் வழக்கமாகப் பேசுவோம். இன்று செயலாளர் எனக்கு அரை மணி நேரம் கொடுத்துப் பாட்டைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார். அதற்குக் காரணம் நம் சி பிளாக் நண்பர் ஒருவர். போன மாதம் மாடிப்படியில் என்னை நிறுத்தி, "அண்ணாச்சி, ரிட்டயர்மென்ட் பணத்துல நல்லதா ஒரு பாட்டு செட் வாங்கலாம்னு இருக்கேன். சிடி போடுற மாதிரி வாங்கவா, போன்ல இருந்து பாடுற மாதிரி வாங்கவா? வீட்டுல முந்நூறு சிடி கெடக்கு. பையன் அதையெல்லாம் தூக்கி ஆக்கர்கடையில போடுங்கிறான்" என்றார்.

"ரெண்டு நாள் பொறுங்க, ஆக்கர்கடைக்கு மட்டும் போட்டுறாதீங்க" என்றேன். அன்று படியில் நின்று சொல்ல முடியாததை இன்று உங்கள் எல்லாருக்குமாகச் சொல்கிறேன். நான் ஒலிப்பொறியாளன் இல்லை. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நாற்பது வருடமாகப் பாட்டுக் கேட்கிறேன், அதில் கையைச் சுட்டுக்கொண்டும் இருக்கிறேன். அந்தத் தகுதியில் பேசுகிறேன்.

நம் ஊருக்குப் பாட்டு வந்த வழி

நம்மில் அறுபதைத் தாண்டியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். தூத்துக்குடியில் பாட்டு என்றால் முதலில் இலங்கை வானொலிதான். கடல் தாண்டி அக்கரையிலிருந்து வந்தாலும் பக்கத்து வீட்டில் பாடுவதுபோல அவ்வளவு தெளிவாகக் கேட்கும். கே.எஸ். ராஜாவும் பி.எச். அப்துல் ஹமீதும் நம் வீட்டு மனிதர்கள் மாதிரி இருந்தார்கள். பிறகு கேசட் வந்தது. வேண்டிய பாட்டைத் தாளில் எழுதிக் கொடுத்தால் கடைக்காரர் பதிவு செய்து தருவார். கப்பலுக்குப் போன மச்சானோ சித்தப்பாவோ சிங்கப்பூரிலிருந்து டேப் ரெக்கார்டர் கொண்டுவருவார்கள். தொண்ணூறுகளில் அதே கப்பல்காரர்கள் சிடி பிளேயர் கொண்டுவந்தார்கள். என் வீட்டு முதல் சிடி பிளேயரும் அப்படி வந்ததுதான். அதைத் துணியால் மூடி, மேலே யாரும் செம்பு வைத்துவிடக் கூடாது என்று அம்மா காவல் காத்தாள்.

இப்போது பாட்டு ஃபைபர் கம்பி வழியாக வருகிறது. ஒவ்வொரு முறை வழி மாறும்போதும் "பழசைத் தூக்கிப் போடு" என்று ஒரு குரல் கேட்கும். ரேடியோவைப் போட்டோம், கேசட்டைப் போட்டோம். இப்போது சிடியின் முறை. போடும் முன் எதைப் போடுகிறோம் என்று தெரிந்துகொண்டு போடலாம் என்பதுதான் என் வேண்டுகோள்.

சத்தத்தில் எது நல்லது?

எல்லாரும் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். எனவே முதலில் இதை முடித்துவிடுவோம்.

சிடி 1982-ல் ஜப்பானில் கடைக்கு வந்தது. அதில் ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து எண்ணாக எழுதியிருப்பார்கள். ஒவ்வோர் அளவையும் 16 பிட். இடது வலது என இரண்டு பக்கம். பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு 14,11,200 பிட். இதைத்தான் சுருக்கமாக 1,411 கேபிபிஎஸ் என்கிறார்கள். மனிதக் காதுக்குக் கேட்கும் உச்ச அதிர்வு ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ். அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் அளந்தால் போதும் என்ற கணக்கில்தான் 44,100 வைத்தார்கள். 20,000 என்பதும் சின்னப் பிள்ளைகளின் காதுக்கு. நம் வயதுக்கு 12,000-க்கு மேல் கேட்டாலே நல்ல காது.

ஸ்ட்ரீமிங்கில் வழக்கமாக வருவது சுருக்கிய ஒலி. நல்ல தரம் என்று அவர்கள் சொல்லும் 320 கேபிபிஎஸ் என்பது சிடியில் உள்ள தகவலில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. "அப்போ சிடிதானே ஒசத்தி?" என்று அவசரப்பட வேண்டாம். காது கண்டுபிடிக்காத பகுதியைப் பார்த்துத்தான் சுருக்குகிறார்கள். 320-ல் சுருக்கியதற்கும் சிடிக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது, நல்ல ஸ்பீக்கரில்கூட, பெரும்பாலோருக்குக் கஷ்டம். அதோடு இப்போது இழப்பில்லாத ஒலியும் ஸ்ட்ரீமிங்கிலேயே கிடைக்கிறது. ஆப்பிள் மியூசிக் 2021 ஜூனிலிருந்து தருகிறது. ஸ்பாட்டிஃபை 2025 செப்டம்பரில் அறிவித்தது. எந்தச் சந்தாவில் அது உண்டு என்று பார்த்துச் சேர வேண்டும். அந்தச் சந்தாவில் வருவது சிடியில் உள்ள அதே எண்கள், சில பாட்டுக்கு அதைவிடக் கூடுதல்.

ஆனால் ஒரு இடத்தில் பலரும் ஏமாந்துபோகிறோம். இழப்பில்லாத சந்தா கட்டிவிட்டு, போனிலிருந்து புளூடூத்தில் ஸ்பீக்கருக்கு அனுப்புகிறோம். வழக்கமான புளூடூத் பாட்டை மறுபடி சுருக்கித்தான் அனுப்பும். காசு கட்டி வாங்கிய பதினாறு முழ வேட்டியை எட்டு முழமாக வெட்டிக் கட்டுவது மாதிரி. வைஃபை வழியாகப் பாடும் பெட்டி, அல்லது கம்பி மூலம் இணைப்பு, இரண்டில் ஒன்று வேண்டும். ஆப்பின் அமைப்புகளுக்குள் போய் ஒலித் தரம் "தானியங்கி" என்று இருந்தால் அதை உச்சத்துக்கு மாற்றுங்கள். நம்மில் பாதிப் பேருடைய குறை அதிலேயே தீர்ந்துவிடும்.

சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரே பாட்டை சிடியிலும் ஸ்ட்ரீமிங்கிலும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டின் சத்த அளவையும் ஒன்றாக்குங்கள். இது முக்கியம், கொஞ்சம் கூடுதல் சத்தமாக இருப்பது எப்போதும் "நல்ல தரம்" போலவே காதுக்குப் படும். நீங்கள் கண்ணை மூடி உட்காருங்கள். வீட்டுக்காரம்மாவோ வீட்டுக்காரரோ சொல்லாமல் மாற்றி மாற்றிப் போடட்டும். பத்துத் தடவையில் எட்டு ஒன்பது தடவை சரியாகச் சொன்னால் உங்கள் காதுக்கு சிடி தேவை. ஐந்து ஆறுதான் சரி என்றால் அது காசைச் சுண்டிப் பூவா தலையா பார்த்ததற்குச் சமம். நான் செய்து பார்த்தேன். ஆறு. என் மனைவி இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறாள்.

பெட்டி எதுவானாலும் சரக்கு முக்கியம்

1962-ல் வந்த "கொஞ்சும் சலங்கை" படத்தில் நம் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரமும் எஸ். ஜானகியின் குரலும் போட்டி போட்டுப் போகும் பாட்டை நீங்கள் எல்லாரும் கேட்டிருப்பீர்கள். அது மோனோவில் பதிவானது. அந்தக் காலத்து டேப்பில் என்ன விழுந்ததோ அதுதான் சரக்கு. அதை சிடியில் வைத்தாலும் இணையத்தில் வைத்தாலும் டேப்பில் இல்லாததை யாரும் சேர்க்க முடியாது. ஆனால் அதை எடுத்து மாற்றியவர் கெடுக்க முடியும். இரைச்சலை நீக்குகிறேன் என்று நாகசுரத்தின் கூர்மையையும் சேர்த்து வழித்துவிட்டவர்கள் உண்டு. சத்தத்தை ஏற்றுகிறேன் என்று மெலிசான இடத்தையும் உரத்த இடத்தையும் ஒரே மட்டமாக்கிவிட்டவர்களும் உண்டு.

ரஜினியின் "ப்ரியா" 1978. தமிழில் ஸ்டீரியோவில் பதிவான முதல் படப் பாடல்கள் என்று அதைச் சொல்வார்கள். அப்படி இளையராஜா காலத்துப் பாடல்கள் பலவற்றுக்குப் பழைய சிடி ஒன்று, பிறகு வந்த சிடி ஒன்று, இணையத்தில் இரண்டு மூன்று என்று வெவ்வேறு பிரதிகள் இருக்கின்றன. ஒரே பாட்டுத்தான், கேட்டால் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. அதனால் "சிடி நல்லதா, ஸ்ட்ரீமிங் நல்லதா" என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடையாது. "இந்தப் பாட்டின் எந்தப் பிரதி நல்லது" என்று கேட்டால் பதில் உண்டு. உங்களிடம் இருக்கும் முந்நூறில் ஒரு முப்பதாவது, இணையத்தில் இருப்பதைவிட நல்ல பிரதியாக இருக்கக்கூடும். போட்டுப் பார்க்காமல் தெரியாது.

பணத்தை எதில் போடுவது?

நாற்பதாயிரம் ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதிக்கு மேல் ஸ்பீக்கருக்குப் போகட்டும். மிச்சத்தில் பெரும்பகுதி ஆம்ப்ளிஃபயருக்கு. பாட்டை எடுத்துக் கொடுக்கும் கருவிக்கு, அது சிடி பிளேயரோ ஸ்ட்ரீமரோ, கடைசியில் மிஞ்சுவது போதும். பரணில் தூங்கும் பழைய டிவிடி பிளேயர்கூட சிடி வாசிக்கும். பின்பக்கம் டிஜிட்டல் வெளியீடு இருந்தால், எண்ணை ஒலியாக மாற்றும் சின்ன டாக் பெட்டி ஒன்று வாங்கி இணைத்தால் நல்ல சிடி பிளேயருக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

அதைவிட முக்கியம், காசே செலவில்லாத காரியம், நம் அறை. அபார்ட்மென்ட் ஹாலில் தரை டைல்ஸ், சுவர் மொட்டைச் சுவர், ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. கை தட்டினால் எதிரொலிக்கும். அதில் எத்தனை லட்சம் கொட்டினாலும் பாட்டு கிணற்றுக்குள் பாடுவது மாதிரித்தான் இருக்கும். தடித்த திரைச்சீலை, தரையில் ஒரு ஜமுக்காளம், பக்கவாட்டில் புத்தக அலமாரி. இந்த மூன்றும் வந்தால் அதே ஸ்பீக்கர் வேறு மாதிரி பாடும். ஸ்பீக்கரைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு அடி முன்னால் தள்ளி, காது உயரத்துக்கு, நீங்கள் உட்காரும் இடத்தோடு முக்கோணமாக வரும்படி வையுங்கள்.

சங்கத்தின் சார்பில் ஒரு வார்த்தை. சப்-வூஃபர் வாங்குபவர்கள் அதைத் தரையில் நேராக வைக்காதீர்கள். அந்த அதிர்வு காங்கிரீட் வழியாகக் கீழ் வீட்டுக்கு இறங்கும். அடியில் தடித்த ரப்பர் வையுங்கள். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு வரை. விதி ஒருபக்கம் இருக்கட்டும்; கீழ் வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கிறது.

வாடகையும் சொந்தமும்

இனி உண்மையான வித்தியாசத்துக்கு வருகிறேன். நம்மில் பாதிப் பேர் சொந்த வீட்டுக்காரர்கள், பாதிப் பேர் வாடகைக்கு இருப்பவர்கள். அதனால் இது எளிதில் புரியும். சிடி சொந்த வீடு. ஸ்ட்ரீமிங் வாடகை வீடு.

வாடகை மட்டம் என்று நான் சொல்ல மாட்டேன். மாதம் 120 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் வருடம் 1,440, பத்து வருடத்துக்கு 14,400. அந்தக் காசுக்குக் கிடைப்பதைப் பாருங்கள். ஆப்பிள் மியூசிக் 2022-லேயே பத்துக் கோடிப் பாட்டு என்று அறிவித்தது. முன்பு நம் கடலில் முத்துக்குளிப்பு நடந்தபோது சிப்பியைத் திறக்காமல் ஆயிரக்கணக்கில் எண்ணி ஏலம் விடுவார்கள். எதில் முத்து என்று யாருக்கும் தெரியாது. பத்துக் கோடிப் பாட்டும் அப்படித்தான். ஆனால் ஒவ்வொரு சிப்பியாகத் திறந்து பார்க்க நமக்குத் தனிக் காசு இல்லை. இப்போது வருகிற தமிழ்ப் படப் பாடல்கள் பெரும்பாலும் சிடியில் வருவதே கிடையாது. பேரப்பிள்ளைகள் கேட்கும் பாட்டு உங்கள் பெட்டியில் பாட வேண்டும் என்றால் ஸ்ட்ரீமிங் இல்லாமல் முடியாது.

ஆனால் வாடகை வீட்டை எப்போது காலி செய்யச் சொல்வார்கள் என்பது நம் கையில் இல்லை. கூகுள் பிளே மியூசிக் 2020-ல் மூடப்பட்டது. ரெஸ்ஸோ 2024 ஜனவரியோடு இந்தியாவில் முடிந்தது. விங்க் மியூசிக்கை மூடப்போவதாக ஏர்டெல் அதே 2024 ஆகஸ்டில் அறிவித்தது. வருடக்கணக்காகப் பாட்டைத் தேர்ந்து பட்டியல் போட்டு வைத்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? ஆப் இருந்தாலும் பாட்டுப் போய்விடலாம். 2023 மார்ச்சில் ஒப்பந்தம் முடிந்து புதுப்பிக்கப்படாததால் ஜீ மியூசிக் பாடல்கள் ஸ்பாட்டிஃபையிலிருந்து ஒரே நாளில் காணாமல் போயின. "நான் டவுன்லோடு பண்ணி வச்சிருக்கேனே" என்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். அது உங்கள் கையில் இருக்கும் பாட்டு இல்லை. ஸ்பாட்டிஃபையில் முப்பது நாளுக்கு ஒரு முறையாவது இணையத்தில் தலைகாட்டாவிட்டால் அந்த டவுன்லோடு பாடாது. சந்தா நின்றால் அதுவும் நிற்கும்.

"அப்படின்னா சிடிதான்" என்று சிலர் தலையாட்டுகிறீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன், 2023 டிசம்பர் வரைக்கும்.

அந்த மூன்று நாள்

டிசம்பர் 17, 18. யாருக்கும் நான் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு மக்கள் நின்றுவிட்டார்கள். ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை. அன்று உலகத்தில் உள்ள பத்துக் கோடிப் பாட்டில் ஒன்றுகூட தூத்துக்குடிக்கு வரவில்லை.

நான் அப்போது இந்தக் குடியிருப்பில் இல்லை. வேறொரு பகுதியில் தரைத்தளத்தில் குடியிருந்தேன். ராத்திரி தண்ணீர் ஏற ஏற, அரிசியையும் பத்திரங்களையும் தூக்கிக்கொண்டு மாடி வீட்டுக்குப் போனோம். கட்டிலுக்கு அடியில் இரண்டு அட்டைப்பெட்டி நிறைய சிடி இருந்தது. அதை யாரும் நினைக்கவில்லை. மூன்று நாள் சாக்கடை கலந்த தண்ணீரில் ஊறியது.

வடிந்த பிறகு எடுத்துப் பார்த்தேன். உறைத் தாள் எல்லாம் கூழ். ஆனால் கம்பெனியில் அச்சடித்த சிடிகளை நல்ல தண்ணீரில் அலசி, இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டுக் கழுவி, நிழலில் காயவைத்தேன். பெரும்பாலானவை பாடின. எனக்கே ஆச்சரியம்.

பாடாமல் போனது ஒன்றுதான் எனக்குப் பெரிது. எங்கள் மூத்தவள் பிறந்தபோது அம்மா பாடிய தாலாட்டுகளை ஒரு கேசட்டில் பிடித்து வைத்திருந்தோம். ஏழு பாட்டு. எங்கள் ஆச்சி பாடி அம்மா கற்றது; எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. 2005-ல் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்து அதைச் சிடியில் ஏற்றினோம். கேசட் பழசாகிவிட்டது என்று தூக்கிப் போட்டோம். அம்மா 2011-ல் போய்விட்டாள். வீட்டில் எழுதுகிற சிடி, அச்சடித்த சிடி மாதிரி இல்லை. அதில் ஒரு சாயப் பூச்சில்தான் ஒலி பதிவாகிறது. வெயில், சூடு, ஈரம் எல்லாமே அதற்கு எமன். வெள்ளத்துக்கு முன்பே அது பாதி செத்திருக்கும் என்று பிறகு விசாரித்தபோது சொன்னார்கள். ஜன்னலோரம் எத்தனையோ வருடம் கிடந்தது. நாலாவது பாட்டு வரை வந்தது. ஐந்தாவதில் "கண்ணே" என்று எடுத்தாள். அதற்கு மேல் நகரவில்லை.

சிக்னல் திரும்ப வந்த அன்றே ஸ்ட்ரீமிங்கில் இருந்த பாட்டெல்லாம் ஒன்று குறையாமல் திரும்பி வந்துவிட்டன. அம்மாவின் மூன்று பாட்டு வரவில்லை. இனி வராது.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று புரிந்தது. எந்தப் பெட்டி நல்லது என்று முப்பது வருடம் சண்டை போட்டிருக்கிறேன். எந்தப் பாட்டுக்கு இரண்டாவது பிரதி இருக்கிறது என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.

அதனால் என்ன செய்யலாம்?

உங்கள் சிடிகளை எடுத்து வைத்து மூன்று குவியலாகப் பிரியுங்கள்.

முதல் குவியல், எங்கும் கிடைக்கிற பாட்டு. ஸ்ட்ரீமிங்கில் தேடினால் அதே தரத்தில் வருகிறது. இதை யாருக்காவது கொடுக்கலாம். எங்கள் கணக்கில் பாதிக்கு மேல் இதில்தான் விழுந்தது.

இரண்டாவது, கிடைக்கிறது ஆனால் உங்கள் பிரதி நல்லது. அல்லது உறையோடு கையில் வைத்திருக்கவே பிடிக்கும். பழைய படப் பாடல் சிடிகள், கச்சேரி சிடிகள் இதில் வரும். வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, வேறெங்கும் இல்லாதது. கல்யாண மேளக் கச்சேரி, பிள்ளைகளின் பள்ளி ஆண்டு விழா, கோயில் கொடையிலும் மாதா திருவிழாவிலும் உள்ளூர்க் குழு பாடி வெளியிட்ட சிடி, தாத்தா பாட்டி குரல். இந்தக் குவியல் சின்னதாகத்தான் இருக்கும். இதைத்தான் இந்த வாரமே பிரதி எடுக்க வேண்டும்.

பிரதி எடுப்பது கஷ்டமில்லை. லேப்டாப்புக்கு வெளியில் மாட்டும் டிவிடி டிரைவ் ஒன்று போதும். "எக்ஸாக்ட் ஆடியோ காப்பி" என்று இலவச மென்பொருள் உண்டு. சந்தேகமான இடத்தை அது மறுபடி மறுபடி வாசித்துப் பார்த்து எடுக்கும். எம்பி3-யாக எடுக்காமல் ஃப்ளாக் என்ற வடிவில் எடுங்கள். அதில் இழப்பு இல்லை, அளவும் ஏறத்தாழ பாதியாகக் குறையும். ஒரு சிடிக்கு 300 முதல் 400 எம்பி. நூறு சிடி ஒரு 64 ஜிபி பென்டிரைவில் அடங்கும். ஆனால் பென்டிரைவ் ஒன்றை மட்டும் நம்பாதீர்கள். இரண்டு பிரதி இரண்டு இடத்தில் இருக்கட்டும்: ஒன்று உங்கள் வீட்டில், ஒன்று வெளியூரில் இருக்கும் மகள் வீட்டில். வெள்ளம் இரண்டு ஊருக்கும் ஒரே நாளில் வராது. இது உங்கள் சொந்த உபயோகத்துக்கு. படப் பாடல்களை எடுத்து நம் வாட்ஸ்ஆப் குழுவில் அனுப்ப வேண்டாம்.

சிடியைத் துடைக்கும்போது வட்டமாகச் சுற்றித் துடைக்காதீர்கள். நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள். பளபளக்கும் பக்கத்தைவிட எழுத்து அச்சடித்த பக்கத்தில்தான் கவனம் வேண்டும். அலுமினியப் படலம் அந்தப் பக்கத்துக்கு வெகு அருகில் மெல்லிய பூச்சுக்கு அடியில் இருக்கிறது. அங்கே கீறினால் தீர்ந்தது. பேனாவால் பெயர் எழுதும் வழக்கத்தையும் விடுங்கள்.

கடைசியாக நம் உப்புக்காற்று. உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறோம். ஆணி துருப்பிடிக்கிற ஊரில் ஆம்ப்ளிஃபயர் மட்டும் தப்புமா? ஸ்பீக்கர் கம்பியின் முனை ஆறு மாதத்தில் பச்சை பூத்துவிடும். வருடத்துக்கு ஒரு முறை கழற்றி, பூத்த இடத்தை வெட்டிவிட்டு, புதிதாகச் சீவி மாட்டுங்கள். செட்டைக் கடல் பக்க ஜன்னலுக்கு நேராக வைக்காதீர்கள். மாதக்கணக்கில் போடாமல் வைப்பதைவிடத் தினம் ஒரு மணி நேரம் பாட விடுவது நல்லது. உள்ளே வரும் சூடே ஈரத்தை ஓட்டிவிடும்.

சி பிளாக் நண்பருக்கு என் பதில்

ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் நல்லதாக வாங்குங்கள். அவை இருபது வருடம் உழைக்கும். ஸ்ட்ரீமிங்குக்கு வைஃபை வழியாகப் பாடும் கருவி ஒன்று சேருங்கள். நம் கட்டடத்தில் எல்லார் வீட்டு வைஃபையும் ஒன்றையொன்று இடிப்பதால், முடிந்தால் ரவுட்டரிலிருந்து கம்பி இழுத்துவிடுங்கள். சிடி பிளேயருக்குப் புதிதாகப் பெரிய பணம் போட வேண்டாம். பழையது ஓடினால் அதையே இணையுங்கள். ஆம்ப்ளிஃபயரில் பென்டிரைவ் மாட்டும் இடம் இருக்கிறதா என்று கடையில் கேளுங்கள். ஃப்ளாக் வாசிக்குமா என்றும் கேளுங்கள்.

"எனக்கு இந்த ஆப், சந்தா எல்லாம் வேண்டாம், பழைய பாட்டு பாடினால் போதும்" என்கிற பெரியவர்களுக்கு, 2017-ல் சரிகம கொண்டுவந்த கார்வான் மாதிரி பெட்டி உண்டு. 5,000 பாட்டு உள்ளேயே இருக்கும். நெட் வேண்டாம், சிடி வேண்டாம். மின்சாரம் போனாலும் பேட்டரியில் பாடும். ஹைஃபை இல்லைதான். ஆனால் அந்த டிசம்பரில் மாடி வீட்டு அம்மா அதைத்தான் போட்டார்கள். இருட்டில், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், எட்டுப் பேர் உட்கார்ந்து டி.எம்.எஸ்ஸைக் கேட்டோம். என் வாழ்க்கையில் நான் கேட்ட நல்ல ஒலித் தரங்களில் அது ஒன்று.

செயலாளரிடம் பேசிவிட்டேன். அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை நம் ஹாலில் லேப்டாப்போடும் டிரைவோடும் உட்கார்ந்திருப்பேன். மூன்றாவது குவியலை எடுத்துக்கொண்டு வாருங்கள். கூடவே ஒரு பென்டிரைவும். காசு வேண்டாம். எத்தனை பேர் வந்தாலும் சரி, எழுதிய சிடியாக இருந்தால் அதற்குத்தான் முதலிடம்.

சி பிளாக் நண்பர் நேற்றே ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். அவர் கல்யாணத்தில் வாசித்த நாகசுரம். ஓரத்தில் இரண்டு இடத்தில் தடுமாறியது, ஆனால் முழுசும் வந்துவிட்டது.